செக்ரட்டரி மாமியின் டர்போ கமிட்டி

மாட்டுங்காவுக்கு நான் புதுப் பெண்ணாகக் குடித்தனம் வந்த அன்று, டாக்ஸியிலிருந்து என் டிரங்குப் பெட்டி இறங்குவதற்கு முன்பே எனக்கு ஒரு பதவி கிடைத்துவிட்டது. இரண்டாம் மாடியிலிருந்து ஒரு மாமி வேகமாக இறங்கி வந்தாள். தோளில் ஆபீஸ் கைப்பை, கொண்டையில் செருகிய பென்சில். என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எஸ்.எஸ்.எல்.சி. பாஸா?"

"பாஸ் மாமி."

"பேஷ். ஜாயிண்ட் செக்ரட்டரி போஸ்ட் காலியா இருக்கு. ஆட்சேபணை உண்டா?"

எதற்கு ஜாயிண்ட் செக்ரட்டரி என்று கேட்க வாயைத் திறந்தேன். என் வீட்டுக்காரர் காதருகே வந்து, "சரின்னு சொல்லிடு. இல்லேன்னா அதுக்கு ஒரு கமிட்டி போடுவா" என்றார். சரி என்றேன். அப்புறம்தான் வலது காலை எடுத்து வைத்து வீட்டுக்குள் போனேன்.

கிங்ஸ் சர்க்கிள் பக்கத்தில் எங்கள் கட்டிடம். அதில் எது நடந்தாலும் கமிட்டி போட்டுத்தான் நடக்கும். கமிட்டி எது ஆனாலும் செக்ரட்டரி இந்த மாமிதான். அதனால் அவளுக்குச் செக்ரட்டரி மாமி என்றே பெயர். குழாயில் வாஷர் மாற்ற ஒரு கமிட்டி. மாடிப்படிக்கு அடியில் பூனை குட்டி போட்டபோது, குட்டிகளை வைத்துக்கொள்வதா விரட்டுவதா என்று ஒரு கமிட்டி. அதன் அறிக்கை வருவதற்குள் குட்டிகள் பெரிதாகி, எங்களைப் பிடிக்காமல் அவையாகவே வேறு கட்டிடத்துக்குப் போய்விட்டன. வெற்றி கமிட்டிக்குத்தான் என்று மாமி நன்றி தீர்மானம் போட்டாள்.

மாமி கோட்டைப் பகுதியில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் ஸ்டெனோவாக இருந்தாள். டைரக்டர்கள் மீட்டிங்கில் உட்கார்ந்து குறிப்பெடுப்பது அவள் வேலை. நாலு பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பேசினால் எங்கேயோ ஒரு கப்பல் கிளம்புகிறது, ஒரு ஆலை திறக்கிறது என்பதைக் கண்ணால் கண்டவள். "ஒருத்தர் மண்டைக்குள்ள எடுத்தா அது பிடிவாதம். நாலு பேர் உட்கார்ந்து எடுத்தாத்தான் அது தீர்மானம்" என்பாள்.

எனக்கு அது சிரிப்பாக இருந்தது. கொஞ்ச நாள் போன பிறகு வேறு ஒன்று புரிந்தது. மாமியின் அகத்துக்காரர் நல்ல மனிதர். ஆனால் என்ன கேட்டாலும் "உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு பேப்பருக்குள் முகத்தை வைத்துக்கொள்வார். சாம்பாரில் வெல்லம் போடலாமா என்பதிலிருந்து பெண்ணை எந்தக் காலேஜில் சேர்ப்பது என்பது வரைக்கும் "உன் இஷ்டம்"தான். இருபது வருஷம் எல்லா முடிவையும் ஒண்டியாக எடுத்து அலுத்துப்போனவள் ஊரையே துணைக்குக் கூப்பிடாமல் என்ன செய்வாள்? இது தெரிந்த பிறகு எனக்கு அவள்மேல் பிரியம் வந்துவிட்டது. சிரிப்பும் நிற்கவில்லை.

மாமியிடம் ஒரு கார் இருந்தது. யுத்தத்துக்கு முந்தைய இங்கிலீஷ் கார். கம்பெனியில் ஒரு துரை ஊருக்குத் திரும்பும்போது சல்லிசாகக் கொடுத்துவிட்டுப் போனது. மாமியே ஓட்டுவாள். அந்த நாளில் மாட்டுங்காவில் புடவை கட்டிக்கொண்டு கார் ஓட்டுகிறவளைப் பார்க்க எதிர் ஹோட்டலில் காபி குடிப்பவர்கள் டபராவோடு வாசலுக்கு வருவார்கள். சமதரையில் வண்டி ராஜாத்தி மாதிரி போகும். ஏற்றம் வந்தால் மட்டும் நின்றுவிடும். சயான் பக்கம் பாலம் ஏற வேண்டுமென்றால் இறங்கித் தள்ள வேண்டும். அதனால் மாமி யாரையாவது "வரேளா, ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்" என்று கூப்பிட்டால் முகத்தைப் பார்த்துக் கூப்பிடமாட்டாள், தோளைப் பார்த்துத்தான் கூப்பிடுவாள். என் வீட்டுக்காரருக்குப் பின்பக்கம் இடது மூலை. எனக்கு முன் கதவு.

இதெல்லாம் எங்களுக்கு விளையாட்டாகத்தான் இருந்தது, மாமியின் பெண் கல்யாணம் வரைக்கும்.

மாப்பிள்ளை பூனாக்காரர். அவரைத் தேர்ந்தெடுத்ததும் கமிட்டிதான். நல்ல பிள்ளையாக அமைந்துவிட்டார். ஜானவாச ஊர்வலத்துக்கு மாமி தன் காரையே பூவால் அலங்கரித்தாள். மாப்பிள்ளை கோட்டும் சூட்டும் மாலையுமாக உட்கார்ந்திருக்கிறார். முன்னால் நாதஸ்வரம். கோயிலிலிருந்து மண்டபம் போகிற வழியில் ஒரு ஏற்றம். அதை ஏற்றம் என்று சொல்லவே கூச்சமாக இருக்கும். அங்கே கார் நின்றது. நாங்கள் தள்ளினோம். நகரவில்லை. நாதஸ்வரக்காரர் ஒரே ராகத்தை எத்தனை நேரம்தான் ஊதுவார்? கடைசியில் மாப்பிள்ளையே இறங்கி, கோட்டைக் கழற்றி மாமியிடம் கொடுத்துவிட்டு, மாலையோடு தள்ளினார். கார் கிளம்பிவிட்டது. மாப்பிள்ளை ஏறுவதற்காக நிறுத்தினால் மறுபடி நின்றுவிடுமே என்று மாமி நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டு போனாள். மாப்பிள்ளை ஊர்வலம் மாப்பிள்ளை இல்லாமலே மண்டபத்துக்கு வந்து சேர்ந்தது. அவர் பின்னால் நடந்து வந்தார்.

சம்பந்தி மாமிக்குத் தாங்கவில்லை. மண்டப வாசலில் எல்லோருக்கும் கேட்கும்படியாக, "உங்க காரும் உங்களை மாதிரியேதான் இருக்கு. நாலு பேர் தள்ளினாத்தான் நகரும்" என்றாள்.

செக்ரட்டரி மாமியின் முகம் சிவந்துவிட்டது. "இதே கார் கண்டாலா மலையை யாரும் தள்ளாம ஏறி, உங்காத்து வாசல்ல வந்து நிக்கும். அன்னிக்குத்தான் நான் உங்காத்துக்குள்ள காலை வெப்பேன்" என்றாள்.

நான் அறிந்து அவள் கமிட்டியைக் கேட்காமல் எடுத்த ஒரே முடிவு அது. அதனால்தானோ என்னவோ, அதை எப்படி மாற்றுவது என்று அவளுக்குத் தெரியவே இல்லை.

இரண்டு வருஷம் போனது. தாதரிலிருந்து பூனாவுக்குத் தினமும் ரயில் போகிறது. மாமி ஏறவில்லை. பெண்தான் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வந்து போய்க்கொண்டிருந்தாள். பிறகு பெண் உண்டாகியிருக்கிறாள் என்று செய்தி வந்தது. தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான். அம்மா போய் அழைத்து வர வேண்டும். அம்மாவோ காரில்தான் போவேன் என்கிறாள். பூனா போகிற வழியில் இருக்கும் கண்டாலா மலையைக் கார் ஏறாது.

அப்போதுதான் பாய் வந்தார். தாராவியில் சின்னதாக ஒரு ஒர்க்‌ஷாப் வைத்திருந்தவர். திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம். ரேடியேட்டர் ஒழுகலை அடைக்க வந்தவர் கதையைக் கேட்டுவிட்டு, "யக்கா, இதுக்குப் போயா இம்புட்டு யோசிக்கிய? எங்கிட்ட ஒரு டர்போ கெடக்கு. கப்பல் ஜெனரேட்டர்ல கழட்டுனது. மாட்டிட்டா வண்டி மலையில என்ன, மரத்துலயே ஏறும்" என்றார்.

அன்று சாயங்காலமே டர்போ கமிட்டி உதயமாயிற்று. தலைவர், கீழ்வீட்டு ஆடிட் மாமா. ரிட்டயர் ஆன தணிக்கை அதிகாரி. கட்டிடத்தில் ஃபோன் இருந்தது அவர் வீட்டில் மட்டும்தான் என்பதால் நிரந்தரத் தலைவர். செக்ரட்டரி, மாமி. ஜாயிண்ட் செக்ரட்டரி, நான். பாய் தொழில்நுட்ப ஆலோசகர். அந்தப் பட்டம் அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. அடுத்த கூட்டத்துக்கு இஸ்திரி போட்ட சட்டையில் அத்தர் மணக்க வந்தார்.

ஆடிட் மாமா விஷயத்தை ஒழுங்காகத்தான் எடுத்து வைத்தார். கையில் இருப்பது பிரசவச் செலவுக்கு ஒதுக்கிய பணம் மட்டும். புதுக் கார் வேண்டுமென்றால் பெயர் பதிந்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதற்குள் பிறக்கப் போகிற குழந்தையே லைசன்ஸ் எடுத்துவிடும். எஞ்சினைப் பிரித்து ரிங் மாற்றி, சிலிண்டரைக் கடைந்து போர் அடித்தால் பழைய பலம் திரும்பும். ஆனால் இந்தக் காருக்குப் பழைய பலம் என்று ஒன்று இருந்ததா என்று துரையைத்தான் கேட்க வேண்டும். மூன்றாவது வழி டர்போ.

"டர்போன்னா என்ன? அதைச் சொல்லுங்கோ முதல்ல" என்றாள் என் மாமியார். அவளும் உறுப்பினர்தான்.

பாய் எழுந்து நின்று விளக்கினார். "வண்டி வெளிய விடுத பொகை சும்மா வீணாப் போவுதுல்லா? அந்த வேகத்துல ஒரு சக்கரத்தைச் சுத்த விடுதோம். அதே கம்பியில மறுபக்கம் இன்னொரு சக்கரம். அது வெளிக்காத்தை இழுத்து எஞ்சினுக்குள்ள அமுக்கித் திணிக்கும். காத்து கூடுனா பெட்ரோல் ஏக்தமா, மொத்தமா எரியும், வண்டி துள்ளும். அம்புட்டுத்தான்."

என் மாமியார் கொஞ்ச நேரம் யோசித்தாள். "அது வெளியில விட்ட மூச்சாச்சே. எச்சில்னா?"

மாட்டுங்காவில் எத்தனையோ எஞ்சினியர்கள் இருந்தார்கள். இந்தக் கேள்வியை ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

"யம்மா, பொகை உள்ள வராது. அது அந்தப் பக்கமே போயிரும். வாரது நல்ல காத்து" என்றார் பாய்.

"ஆனா கம்பி ஒண்ணுதானே? அந்தச் சக்கரத்தைத் தொட்டுண்டுதானே இந்தச் சக்கரம் இருக்கு? பத்து ஒட்டிண்டு வருமே!"

சாதப் பாத்திரத்தைத் தொட்ட கையோடு தயிரைத் தொடக்கூடாது என்பதுதான் பத்து என்று மாமி பாய்க்கு விளக்கிச் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டார். "அப்ப நடுவுல என்னத்தையாச்சும் வச்சுத் தடுத்தா சரியாப் போயிருமாம்மா?"

"பட்டு வெச்சாத் தோஷமில்லை" என்றாள் என் மாமியார்.

டர்போவில் பட்டு வாஷர் போடுவது என்று தீர்மானமாயிற்று. வாஷருக்கான பட்டு என் கல்யாணப் புடவையின் முந்தானை ஓரத்திலிருந்து போனது. ஜாயிண்ட் செக்ரட்டரி என்றால் அதற்கும்தான் என்றார் ஆடிட் மாமா. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

அடுத்து டர்போவை நேரில் பார்வையிட ஒரு உப கமிட்டி. காரில்தான் தாராவிக்குப் போனோம். சமதரையில் உட்கார்ந்தும் பாலத்தில் தள்ளிக்கொண்டும். பாயின் ஒர்க்‌ஷாப்பில் ஒரு பெஞ்சின்மேல் அது இருந்தது. பூசணிக்காய் அளவு, நத்தை ஓடு போல வளைந்த இரும்பு. காரின் எஞ்சினில் பாதி இருக்கும். பாய் கம்ப்ரஸர் குழாயை ஒரு பக்கம் வைத்துக் காற்றைத் திறந்தார். ஊய்ய் என்று அது ஒரு கூச்சல் போட்டது பாருங்கள், தெருவே திரும்பிப் பார்த்தது. ஆடிட் மாமா குனிந்து மறுபக்கத்து ஓட்டையில் உற்றுப் பார்த்தார். அவர் அங்கவஸ்திரத்தின் நுனி உள்ளே போயிற்று. கொஞ்சம் கொஞ்சமாக முழு அங்கவஸ்திரமும் போயிற்று. பாய் காற்றை நிறுத்துவதற்குள் மாமாவின் மூக்கு ஓட்டைக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

"இழுவை பிரமாதம்" என்றாள் மாமி. குறிப்பும் எழுதிக்கொண்டாள்.

அதுவரை செலவைக் காட்டி எதிர்த்துக்கொண்டிருந்த ஆடிட் மாமா அன்று முதல் சொந்த விரோதமாகவே எதிர்த்தார். "பழைய எஞ்சின் இதைத் தாங்குமா? பாய், நெஞ்சில கையை வெச்சுச் சொல்லும்."

பாய் நிஜமாகவே நெஞ்சில் கையை வைத்தார். "ஒண்ணு வண்டி மேல ஏறும். இல்லன்னா எஞ்சின் பானட்டைப் பிச்சுக்கிட்டு மேல போவும். எதுன்னு மாட்டிப் பாத்தாத்தான் தெரியும்."

இதன் நடுவே பூனாவில் சீமந்தம் வந்துவிட்டது. அதற்குள் முடிவாகவில்லை. மாமியின் அகத்துக்காரர் மட்டும் ரயிலில் போய், வளையலும் பட்சணமும் கொடுத்துவிட்டுத் திரும்பினார். மாமி போகவில்லை. அன்று முழுக்க ஆபீஸுக்கும் போகாமல், காரின் ஹெட்லைட்டைத் துடைத்துக்கொண்டு கீழேயே நின்றாள். எனக்கு அவளைப் பார்க்க எரிச்சலாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது.

ஒரு நாள் ஆடிட் மாமா வீட்டு ஃபோனில் மாமியை அவள் பெண் கூப்பிட்டாள். பக்கத்தில் நான் இருந்தேன். டிரங்க் காலில் குரல் வெளியே வரைக்கும் கேட்கும்.

"அம்மா, ரயில்ல வந்து அழைச்சுண்டு போயிடேன். எனக்குப் பயமா இருக்கு."

"கமிட்டியில வெச்சிருக்கேன்டி. அடுத்த வாரம் முடிவாயிடும்."

"எனக்கு முடிவு வேண்டாம்மா. நீ வேணும்."

மாமி ஃபோனை வைத்தாள். மாடி ஏறும்போது என்னிடம், "மீட்டிங்கை நாளைக்கே வெச்சுடு" என்றாள்.

அந்த மீட்டிங்கில்தான் எங்கள் கட்டிடத்தின் சரித்திரத்திலேயே சிறந்த தீர்மானம் நிறைவேறியது. மாமியும் பாயும் என் வீட்டுக்காரரும் ஒரு கட்சி. டர்போ வேண்டும் என்றார்கள். ஆடிட் மாமாவும் என் மாமியாரும் எதிர்க்கட்சி. நான் இரண்டு பக்கமும் கை தூக்கினேன். இரு தரப்பும் மனம் கோணாமல் ஆடிட் மாமா ஒரு சமரசம் சொன்னார். டர்போவைப் பொருத்துவது, ஆனால் இணைப்பதில்லை. பொருத்தினால் டர்போ வேண்டும் என்பவர்களுக்குத் திருப்தி. இணைக்காவிட்டால் எஞ்சின் வெடிக்காது, பத்தும் ஒட்டாது. எல்லோரும் கை தட்டினோம். பாய்கூடத் தட்டினார். அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. "அப்ப அது எதுக்குய்யா?" என்றார். அது அடுத்த கூட்டத்துக்கான விஷயம் என்று தலைவர் சொல்லிவிட்டார்.

பாய் பொருத்தினார். பானட் மூடவில்லை, கயிற்றால் கட்டினார். டர்போவின் கனத்தில் காரின் முன்பக்கம் தழைந்து, நமஸ்காரம் பண்ணுகிற மாதிரி ஆகிவிட்டது. வெள்ளோட்டம் விட்டோம். முன்பு நாலு பேர் தள்ளிய பாலத்தில் ஆறு பேர் தள்ள வேண்டியிருந்தது. மாமி மட்டும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, "முன்னைக்கு இப்போ கொஞ்சம் சுறுசுறுப்பா இருக்கு, இல்லையோ?" என்று கேட்டாள். இல்லை என்று சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. மூச்சும் இல்லை.

பெண்ணுக்கு எட்டு மாதம் முடியப் போகிறது. இனிமேல் மலைப்பாதையில் காரில் அழைத்து வருவதையே டாக்டர் ஒத்துக்கொள்ள மாட்டார் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். அதையும் கமிட்டியில் வைத்துப் பேசலாம் என்றாள் மாமி. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆடிட் மாமா வீட்டுக் கூடத்தில் கூடினோம். பொருத்திய டர்போவை இணைப்பதா வேண்டாமா என்பதுதான் அன்றைய விஷயம். பாய் பேசிக்கொண்டிருந்தார். மாமி சுருக்கெழுத்தில் எழுதிக்கொண்டிருந்தாள். அப்போது ஃபோன் அடித்தது.

ஆடிட் மாமா எடுத்தார். கேட்டுவிட்டு ஃபோனின் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். "மாப்பிள்ளை. வலி எடுத்துடுத்தாம். ஆஸ்பத்திரியில சேர்த்திருக்காளாம். டாக்டர் கொஞ்சம் கவலையாப் பேசறாராம்."

மாமி எழுந்தாள். எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை. யாராவது ஏதாவது சொல்லமாட்டார்களா என்று கேட்கிற பார்வை. நாங்கள் எல்லோரும் தலைவரைப் பார்த்தோம். தலைவர் ஃபோனைப் பார்த்தார். பென்சில் கையிலிருந்து விழுந்ததுகூடத் தெரியாமல் மாமி வாசலைப் பார்த்து ஓடினாள். செருப்பு போட்டுக்கொள்ளவில்லை. மூலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமியின் அகத்துக்காரர், "இருடி, நானும் வரேன்!" என்று கத்திக்கொண்டு அவள் கைப்பையையும் செருப்பையும் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினார். அவர் கத்தி நாங்கள் கேட்டது அதுதான் முதல் தடவை. இருவரையும் தன் வண்டியில் ஏற்றித் தாதர் ஸ்டேஷனில் விடப் பாயும் ஓடினார்.

கூடத்தில் நாங்கள் மட்டும் உட்கார்ந்திருந்தோம். யாருக்கும் எழுந்து போகத் தோன்றவில்லை. போய் என்ன செய்வது? கொஞ்ச நேரம் கழித்து ஆடிட் மாமா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "கோரம் இருக்கு. கூட்டம் நடத்தலாம்" என்றார்.

அப்புறம் பேச ஆரம்பித்தோம். மாமி காரில் போவதா, ரயிலில் போவதா? சபதம் என்ன ஆவது? என் மாமியார்கூட, சபதத்தைவிடப் பிள்ளைத்தாய்ச்சி பெரியவள் என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என் வீட்டுக்காரர் முன்மொழிய, என் மாமியார் வழிமொழிய, செக்ரட்டரி ரயிலில் பூனா போகலாம் என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேற்றினோம். அப்போது அவள் ரயில் கல்யாண் ஸ்டேஷனைத் தாண்டியிருக்கும். டர்போ விஷயம் தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்பட்டது.

மறுநாள் காலையில் ஆடிட் மாமா வீட்டுப் பையன் ஓடி வந்து என்னைக் கூப்பிட்டான். மாமி ஃபோனில் என்னைத்தான் கேட்கிறாளாம்.

"பொண் குழந்தை" என்றாள். "இத்தனூண்டு இருக்கு. ரெண்டு பேரும் நன்னா இருக்கா. ராத்திரி பூரா என் கையைப் பிடிச்சுண்டு விடவே இல்லை, அசடு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மாமி அதற்குள் அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள்.

"நீங்க என்ன முடிவு பண்ணினேள்?"

"டர்போவை ஒத்தி வெச்சிருக்கு மாமி."

"அது கிடக்கட்டும். நான் கிளம்பி வந்தது?"

"நீங்க ரயில்ல போகலாம்னு தீர்மானம் ஆச்சு. ஏகமனதா."

"அப்பாடா" என்று பெருமூச்சு விட்டாள். ஆனால் ஃபோனை வைக்கவில்லை. பின்னால் ஆஸ்பத்திரிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"சம்பந்தி மாமி இங்கேயே நிக்கறா. ராத்திரி முழுக்க அவளும் தூங்கலை. ஆத்துக்கு வந்து குளிச்சுட்டு ஒரு வாய் சாப்பிட்டுட்டு வாங்கோன்னு கையைப் பிடிச்சு இழுக்கறா. நான் வெளியில பெஞ்சுலயே உட்கார்ந்திருக்கேன். கார் ஏறலையேடி. நான் அவாத்துக்குள்ள போகலாமோ? அதைப் பத்தி ஏதாவது பேசினேளா?"

அதைப் பற்றி நாங்கள் ஒன்றும் பேசவில்லை. கதவருகே ஆடிட் மாமா நின்றுகொண்டிருந்தார். அவரைக் கேட்டிருந்தால் அரை மணியில் கூட்டம் கூட்டியிருப்பார். நான் அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டேன்.

"போங்கோ மாமி" என்றேன். "நான் சொல்றேன், போங்கோ."